கூடார இடம் எண் ஏழு

வெள்ளி மாலை கீட்மன்ஸ்ஹூப்பில் கிளம்பினோம்.
தங்கேனியின் பழைய கொரோலா,
பின்கதவைக் கயிறு பிடித்திருந்தது.
பெட்டியில் ஐஸ், பியர், ஒரு கிலோ ஆட்டு விலா.
அடுப்புக்கரியை மறந்தவன் லெராய்.
"மறக்கவில்லை, நினைக்கவில்லை" என்று
அறுபது கிலோமீட்டர் வாதாடினான்.

ஆவுஸ் தாண்டியதும் குதிரைகள்.
போரில் தப்பியவை என்றாள் பெத்ரீனா.
யாரோ பிரபுவின் லாயத்தவை என்றான் லெராய்.
அவை எங்களுக்கு முதுகு காட்டித்
தண்ணீர் குடித்தன.

அப்புறம் பாலைவனம்.
தார்ச்சாலையை மணல் குறுக்கே கடந்தது,
அவசரமில்லாத மந்தைபோல.
தங்கேனி வண்டியை மெதுவாக்கி வழிவிட்டான்.

லூடரிட்ஸ்.
ஜெர்மன்காரர் கட்டிய வீடுகளுக்கு
செங்குத்துக் கூரை, பனி வழுக்கி விழுவதற்காம்.
மழையே அபூர்வமான ஊரில்
நூறு வருடத்துக்கு மேலாகக்
காத்திருக்கின்றன கூரைகள்.
சிரித்தோம். பெத்ரீனாவும்தான் சிரித்தாள்.

இடம் பிடித்தது நான்.
போனில் ஒரு பெண் சொன்னாள்:
சுறாத் தீவு, கடல் மூன்று பக்கம்,
வெந்நீர் உண்டு, இறைச்சி சுட மேடை உண்டு,
எண் ஏழு காலி.
பெயருக்குத்தான் தீவு; கல் கொட்டி
கரையோடு ஒட்டிவிட்டார்கள் என்றாள்.
சரி என்றேன்.

பள்ளியில் படித்திருக்கிறேன்.
இந்தத் தீவில் முள்வேலிக்குள் எத்தனை நாமா, எத்தனை ஹெரேரோ,
குளிரில் எத்தனை, பசியில் எத்தனை என்று
ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
நாலரை கிடைத்தது.
போனில் அந்தப் பெயர் கேட்டபோது
வெந்நீர்தான் காதில் விழுந்தது எனக்கு.

வாயிற்காவலர் ரசீது கிழித்தார்.
லெராய் கூடாரத்தை உதறினான், காற்று பிடுங்கியது.
பெத்ரீனா இறங்கவில்லை.
கதவு திறந்தேதான் இருந்தது,
கால் மட்டும் வெளியே வரவில்லை.

"எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர்
யாருக்கும் வைப்பதில்லை" என்றாள்.
"ஏன் என்று கேட்டால் சாப்பிடு என்பார்கள்.
அது இங்கேதான் இருக்கிறது."

கலங்கரை விளக்கம் ஒருமுறை எங்களைத் தடவிப்போனது.
பக்கத்து இடத்தில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள்.
நல்ல வாசனை.
அதுதான் தாங்கவில்லை.

கூடாரத்தைச் சுருட்டினோம்.
காசு திரும்பாது என்றார் காவலர்.
பிறகு காரின் பின்சீட்டை எட்டிப்பார்த்து
"தெரியும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பெட்ரோல் பங்கின் பின்னால்
பாதி வெட்டிய பீப்பாயில் தீ வைத்திருந்தான் இரவுக்காவல் பையன்.
விலாவைப் பங்கு கேட்காமல் சுட்டுக்கொடுத்தான்,
பிறகு பங்கு கேட்டான்.
நாலு பேரும் காரிலேயே தூங்கினோம்;
தங்கேனியின் முழங்கால் என் விலாவில்.

விடியலில் மூடுபனி.
"இந்த ஊருக்கு முதல் பெயர் ஒன்று உண்டு" என்றாள் பெத்ரீனா.
அவள் மொழிப் பெயர். நடுவில் நாக்கு சொடுக்கும்.
"சொல்லிப்பார்."

சொன்னேன்.
என் நாக்குக்குத் தெரிந்த சொடுக்கு ஒன்றுதான்:
சாவு வீட்டில் கொட்டும் உச்சு.

"இரக்கப்படாதே" என்றாள். "பெயரைச் சொல்."
மறுபடி. மறுபடி.
லெராய்க்கு மூன்றாம் தடவையே வந்துவிட்டது,
அலட்டிக்கொண்டான்.
எனக்கு வரவே இல்லை.
"அர்த்தமாவது சொல்லேன்."
"அணைப்பு" என்றாள்,
கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தபடி.

அந்த ரசீது இன்னும் வண்டி முகப்பில் கிடக்கிறது.
எண் ஏழு, இரண்டு இரவு, முழுத்தொகை.
நாங்கள் வாங்கிய இரண்டு இரவும்
அந்த ஒரு துண்டுத் தரையில்
யாரும் படுக்கவில்லை.