வியாழக்கிழமை

மூளையில் ரத்தம் அடைத்து விழுந்தபின்
எதெல்மீரோவிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியது:
வியாழக்கிழமை.

தண்ணீர் வேண்டுமென்றால் வியாழக்கிழமை.
போர்வை நழுவினால் வியாழக்கிழமை.
இருபத்தாறு வருடம் அவன் வாயில் புழங்கிய
தொசிந்தா என்ற என் பெயரும்
இப்போது வியாழக்கிழமைதான்.
நர்ஸ் சிரிக்காமல் சொன்னாள்:
சிலருக்கு வசவு மட்டும்தான் மிஞ்சும்,
உங்களுக்கு அதிர்ஷ்டம்.

வரைபடத்தில் எங்கள் கரையின் பெயர் மரணக் கரை.
சுற்றுலா வருகிறவர்களுக்கு அது பிடித்திருக்கிறது.
இங்கே கயிறு கட்டிப் பாறையில் இறங்கி
பெர்செபே சுரண்டுவது என் தொழில்.
பார்க்க விகாரம்,
குளம்பு முளைத்த விரல் மாதிரி ஒரு பிராணி.
கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்ரித்காரர்கள்
ஒரு தட்டுக்கு என் மின்கட்டணத்தையே கொடுப்பார்கள்.
மேலே நின்று கயிறு பிடிப்பது அவன்.
பிடித்தது.

அலை அறைகிற இடத்தில்தான் அது தடிக்கும்.
அமைதியான நீரில் வளர்ந்தது
நீண்டு, ஒல்லியாய், உள்ளே வெறும் தண்ணீர்.
இதைச் சொன்னதும் பாதிரியார் முகம் மலர்ந்தது.
ஞாயிறு பிரசங்கத்துக்கு ஒன்று கிடைத்துவிட்டது அவருக்கு.
பார்த்தாயா தொசிந்தா, அலை அடிக்க அடிக்க...
நிறுத்துங்கள் சாமி என்றேன்.
அதற்குப் பிசின் இருக்கிறது, எனக்கு நகம்தான்.
அப்புறம்,
தடித்ததைத்தான் நாங்கள் முதலில் வெட்டுவோம்.

கடலுக்கு முதுகு காட்டாதே,
தொழிலில் முதல் பாடமே அதுதான்.
நவம்பர் முழுக்க, டிசம்பர் முழுக்கக் காட்டினேன்.
அடுக்களை ஜன்னலில் அட்டை ஒட்டினேன்.
மின்வாரியக் கடிதம்.
மீனவர் சங்கக் கடிதம்:
ஜனவரியிலும் இறங்காவிட்டால் உரிமம் ரத்து.
அழுகை வருமென்று உட்கார்ந்தேன்.
கொட்டாவி வந்தது.
எழுந்து சட்டி கழுவினேன்.

எர்மீதாஸுக்கும் எனக்கும்
பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது.
இரண்டடி உயரச் சுவர் ஒன்று,
அதைத் தாண்டிய எலுமிச்சைக் கிளை ஒன்று,
கோர்ட்டு வரைக்கும் போனோம்.
பெரிய வற்றுக்கு முந்தின இரவு
கதவைத் தட்டினாள்.
உள்ளே வரவில்லை. தோளில் கயிறு.
'ஏழே முக்கால்' என்றாள்,
போய்விட்டாள்.

இறங்கினேன்.
கால்கள் கன்றுக்குட்டியின் கால்கள்.
ஏழாவது அலைதான் பெரிது என்பார்கள், பொய்,
எதற்கு வேண்டுமானாலும் பெரிதாகிற உரிமை உண்டு.
மேலிருந்து அவள் குரல்: வருது!
பாறையோடு பாறையாய் ஒட்டினேன்.
மூக்கில் உப்பு. காதுக்குள் ஒரு லாரி.
கயிறு இறுகியது.

எதெல்மீரோ விட்டுப் பிடிப்பான்,
வாயில் ஏதாவது பாட்டு இருக்கும்.
இவள் பிடியில் இருந்தது
பதினோரு வருடக் கோபம்.
விலா இன்னும் வலிக்கிறது.
விடவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
பயம் அதன் பாட்டுக்கு இருந்தது,
கை அதன் பாட்டுக்குச் சுரண்டியது.
பைக்குள் நாலு கிலோ.

ஏலப்பணத்தில் பாதி அவளுக்கு.
சில்லறை வரை எண்ணி வாங்கினாள்.
'அந்தக் கிளையை முதலில் வெட்டு' என்றாள்.
வெட்டமாட்டேன் என்றேன்.
பதினோரு வருடத்தில்
இதுதான் எங்கள் உரையாடல்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் அட்டையை உரித்தேன்.
பாதிதான் வந்தது,
மிச்சம் கண்ணாடியில் பசையாய் இருக்கிறது.
ஈரத் தலையோடு அவன் கட்டிலோரம் உட்கார்ந்து
இறங்கினேன் என்றேன்.
முட்டிக் காயத்தை வெகுநேரம் பார்த்தான்.
வாய் கோணியது, திறந்தது,
உள்ளே எதையோ தேடியது.
வியாழக்கிழமை.

சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.
ஆமாம் என்றேன்,
இன்றைக்கு அதுதான்.