டிரிப் ஷீட்டில் எழுதாத தூரம்

எண்ணூர் விரைவுச்சாலையில்
நேற்றிரவு ஒரு மணிக்கு நின்ற வண்டி.
முன்னால் ஒரு சிவப்புக் கண்டெய்னர்.
அதன் பதினொரு எழுத்து எண்ணை
விடிவதற்குள் மனப்பாடம் செய்துவிட்டேன்.

கிளீனர் செபாஸ்டின்,
பிளஸ் டூ இயற்பியலில் இரண்டு முறை தோற்றவன்,
போனில் கணக்குப் போடுகிறான்:
"நாம நிக்கவே இல்லண்ணே.
பூமி சூரியனைச் சுத்துது இல்ல?
பதினோரு மணி நேரத்துல
பதினோரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர்
வந்துட்டோம்."

டீசல் குறையவில்லை. டயர் தேயவில்லை.
வழியில் ஒரு போலீஸ்கூட கை காட்டவில்லை.
"பேட்டா எவ்ளோ வரும்?" என்றேன்.
அவன் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்தான்.

எனக்குத் தெரிந்த கணக்கு வேறு.
தேசம்மா முகத்துவாரத்தில் இறால் தடவுகிறவள்.
மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
சேற்றுக்குள் பத்து விரல்களையும் அனுப்புகிறவள்.
அவளுக்கு மணி அடிப்பது நிலா.
இன்று பத்துக்கு வற்றினால்
நாளை பத்து ஐம்பதுக்கு,
மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு.
ஞாயிறு கிடையாது, பொங்கல் கிடையாது.
எனக்கு மணி அடிப்பது துறைமுகத்தின் கேட்.
அதற்கு ஏற்றமும் தெரியாது, வற்றமும் தெரியாது.

கல்யாணமான நாலாவது வருஷம்தான்
கண்டுபிடித்தோம்:
உவா நாட்களில் மட்டும்,
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்,
கழி வற்றுவது மதியம் தாண்டி.
காலை முழுக்க அவள் வீட்டில்.
கெஞ்சியோ சண்டை போட்டோ
சூப்பர்வைசரிடம் அந்தக் காலையை
நான் வாங்கிவிடுவேன்.

அன்றைக்குத்தான் கடலும் வரும்.
எட்டரைக்கு,
சாக்கடை வழியாகத் தெருவுக்கு,
தெருவிலிருந்து படி தாண்டி உள்ளே.
சிலிண்டரை ஸ்டூல்மேல் ஏற்றுவோம்.
செருப்புகள் ஜன்னலுக்குப் போகும்.
கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து
ஆளுக்கொரு டம்ளர் டீ.
கீழே கணுக்கால் அளவு வங்கக்கடல்,
அதில் எங்கள் பச்சைக் குடம்
தன்னைத்தானே மெல்லச் சுற்றும்.

"உன் நிலா உள்ளாற வந்துடுச்சு" என்பேன்.
"சூரியனும் சேர்ந்துதான் இழுக்குது,
பழிய ஒருத்தர்மேல போடாத" என்பாள்.

பத்தரைக்குத் தண்ணீர் இறங்கிப்போகும்,
அனல்மின் நிலையத்துச் சாம்பலால்
சுவரோரம் ஒரு கோடு போட்டுவிட்டு.
அதைத் துடைப்பது என் முறை.

இன்று அமாவாசை.

பன்னிரண்டு மணி ஏழு நிமிடம்.
இறங்கிச் சோம்பல் முறிக்கிறேன்,
என் நிழலைக் காணோம்.
செபாஸ்டினுக்கும் இல்லை.
விளக்குக் கம்பத்துக்கும் இல்லை.
மோர் விற்கிறவளின் குடை மட்டும்
அவள் காலைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் வைத்திருக்கிறது,
அதற்குள் நின்றுகொண்டு
சில்லறை இல்லை என்கிறாள்.

சித்திரையில் ஒரு நாள், ஆவணியில் ஒரு நாள்
இந்த ஊரில் இப்படி ஆகும் என்கிறான் செபாஸ்டின்.
இதற்காவது அவனுக்கு மார்க் போட்டிருக்கலாம்.
நேர் உச்சியில் சூரியன்.
அதன் பக்கத்திலேயே,
வெளிச்சத்துக்குள் முகம் காட்டாமல்
நிலாவும் நிற்கிறதாம்.
இரண்டும் சேர்ந்து இழுத்தால்
கடலே இடம் பெயர்கிறது.
இருபது டன் தரை ஓடுகளோடு
என் வண்டி மட்டும் இருந்த இடத்தில்.

தேசம்மா இன்று தனியாகத்தான்
சிலிண்டரைத் தூக்கியிருப்பாள்.
ஒரு டம்ளர் போட்டாளா, பழக்கத்தில் இரண்டா,
கேட்கத் தைரியம் வரவில்லை.

போன் அதிர்கிறது. அவள் குரல்,
பாதி வார்த்தையைக் காற்று தின்றிருக்கிறது:

"தண்ணி வத்துது, கெளம்புறேன்.
சாவி மீட்டர் பெட்டிமேல.
கோட்ட நான் தொடைக்கல.
அப்படியே இருக்கு."