காற்று இல்லாமல் இருபது கிலோமீட்டர்

தொரப்பள்ளியில் காடு முடிகிற இடத்தில்
முதல் வெளிச்சம் என் கடை பல்புதான்.
அந்த வெள்ளைக் கார் நேராக வந்து நின்றது.
"பஞ்சர். ஓனர் இல்லையா?"
பலகையில் ஜெசிந்தா என்று இருப்பது
என் பெயர்தான் என்றேன்.

மசினகுடியில் ஏறியிருக்கிறது ஆணி.
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய எரிய
இருபது கிலோமீட்டர்,
ஒரு பவுண்டு காற்றும் இல்லாமல்.
கார்குடி வளைவில் யானை நின்றதாம்,
குட்டியோடு.
"சாதா டயரா இருந்தா
அங்கேயே இறங்கி ஜாக்கி போட்டிருக்கணும்"
என்றார்.
அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

சரிதான். சாதா டயருக்கு வெட்கம் கிடையாது.
குத்தினால் உட்கார்ந்துவிடும்,
யானை முன்னாலும்
சம்பந்தி வீட்டு வாசலிலும்.
இது அப்படியில்லை.
பக்கச்சுவர் கட்டை மாதிரி.
பட்டன் முழுசாக இருக்கிறது,
வெளியே ஒரு கீறல் இல்லை.

ரிம்மிலிருந்து பிரிக்க
நானும் தம்பி சேவியரும் லீவரில் தொங்கினோம்.
பிரிந்ததும் கவிழ்த்தேன்.
காப்பித்தூள் மாதிரிக் கொட்டியது
இரண்டு கைப்பிடி கறுப்பு.
வழி முழுக்க உள்ளுக்குள்
தன்னையே அரைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"பேட்ச் போடுங்க."
போட முடியாது சார்.
ஆணி குத்தின ஓட்டை ஒரு விஷயமே இல்லை.
ஓடினதுதான் காயம்.

"இவ்வளவு விலை கொடுத்தது
சீக்கிரம் போறதுக்கா?"
ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்தேன்.
அந்த இடத்தில் ஒரு மடக்கு நாற்காலி,
பாதி தின்ற வர்க்கிப் பொட்டலம்.
கோயம்புத்தூரிலிருந்து புதுசு வர மூன்று நாள்.

பக்கத்துச் சுவரில்
சைதலவியின் ஜீப் டயர் சாய்ந்திருந்தது.
பதினோரு பேட்ச். எல்லாம் என் கைதான்.
தேவர்சோலையில் லாடம்,
பாட்டவயலில் பீர் பாட்டில்,
ஃபேக்டரி வாசலில் யாரோ போட்ட
கவாத்துக் கத்தியின் முனை.
பதினோரு தடவை பாதியில் நின்று
பதினோரு தடவை மலையாளத்தில் திட்டு வாங்கி
இன்னும் பச்சை இலை ஏற்றுகிறது.

கார் போனபின் அந்த டயரை
கூரைத் தகரத்தின் மேல் போட்டேன்.
மூன்று ஆடி போய்விட்டது.
காற்றே இல்லாமல் இருக்கத் தெரிந்தது
காற்றைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது.
சேவியர் சிரிக்கிறான்,
செத்த பிறகுதான் உழைக்குது அக்கா என்று.

எந்த டயர் நாள்பட உழைக்கும் என்று
யாராவது கேட்டால்
சைதலவியின் டயரைக் காட்டுவேன்.
இருட்டுகிற நேரத்தில்
தெப்பக்காடு பக்கம் போகிறவர்கள் கேட்டால் மட்டும்
கொஞ்சம் யோசிக்கிறேன்.
அந்த அம்மா அன்றைக்கு
பெல்ட்டைக் கழற்ற அரை மணி நேரம் ஆனது.