சாலையோரப் பள்ளத்தில் பயறு

'மண் காப்பு மாவட்டம்' என்று
வண்டிக் கதவில் எழுதியிருக்கிறது.
போலீஸ் என்று நினைத்துச் சிலர் வேகம் குறைப்பார்கள்.
எங்களிடம் விசில் இல்லை, அபராதச் சீட்டு இல்லை.
கூப்பிட்டால் போவோம்.
கூப்பிடாத வாசல் முன்னே
கொஞ்சம் மெதுவாகப் போவோம், அவ்வளவுதான்.

பதினோரு ஆண்டுகள் அப்படி
மெதுவாகக் கடந்த வாசல்
டேரல் ஹாக்லண்டுடையது.
கிழக்கு வாஷிங்டன். அலையலையாய்ப் பலூஸ் குன்றுகள்.
காற்று கொண்டுவந்த மண்ணைத்
தண்ணீர் கொண்டுபோகிறது;
இடையில் கொஞ்ச நாள்
யார் பெயரிலோ பட்டா.

மே கடைசியில் மூன்று நாள் மழை.
நாலாம் நாள் காலை அவரே போன் செய்தார்.
"மதகு அடைத்துக்கொண்டது.
கொட்டகைக்குள் முழங்கால் சேறு.
எல்லாம் மேட்டுக்காரி ப்ரூயிட்டின் வேலை.
வந்து எழுதிக் கொடு,
வக்கீலிடம் காட்ட வேண்டும்."
எழுத மாட்டேன், வந்து பார்க்கிறேன் என்றேன்.

பார்த்தோம்.
மதகின் வாயில் சாக்லேட் நிறத்தில் சேறு.
வெயில் பட்ட விளிம்பில்
பச்சை பச்சையாய் ஏதோ,
வரிசையில்லாமல், கூட்டமாய்.
கொரின் ப்ரூயிட் நிலத்தில் கோதுமை மட்டும்தான்.
நான் சொல்லவில்லை.
அவர் குனிந்து ஒன்றைப் பிடுங்கினார்.
வேரோடு ஒட்டிக்கொண்டிருந்தது விதை:
மசூர் பயறு.
சுற்று வட்டாரத்தில் அந்த ஆண்டு
அதை விதைத்தவர் ஒருவர்தான்.

வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார்.
"மூட்டை என்ன விலை தெரியுமா உனக்கு?"
என்று மட்டும் கேட்டார்.
தெரியும் என்றேன்.

பிறகு நடந்தோம், மேலே.
மழை கிழித்த இடமெல்லாம்
ஆரஞ்சுக் கொடி குத்திக்கொண்டே போனேன்.
நாற்பது கொடி என்று எடுத்து வந்தது
போதவில்லை.
இந்த மடிப்பில் உழாமல் புல் விடலாம்,
அறுத்த பின் அரிதாளை அப்படியே நிறுத்தலாம்,
உழாமல் விதைக்கும் எந்திரம் எங்களிடம் உண்டு,
ஏக்கர் கணக்கில் வாடகை,
முன்னால் எடுத்தவர் கழுவித் தரவில்லை, மன்னிக்கவும்.
செலவில் நாலில் மூன்று பங்கு நாங்கள்.
விண்ணப்பம் பதினேழு பக்கம்.
பதினேழா என்றார்.
மழையைவிட அதுதான் அவரைக் கலக்கியது.

ஒரு சிக்கல் இருந்தது.
அந்த மடிப்பு
இரண்டு வேலிகளுக்குள் ஓடுகிறது.
தண்ணீருக்கு அளவுக்கல் தெரியாது.
இரண்டு கையெழுத்து வேண்டும்.

அவர் அவளிடம் என்ன சொன்னார், தெரியாது.
நான் வண்டியிலேயே இருந்தேன்;
கண்ணாடி ஏற்றியிருந்தது.
பானெட் மேல் தாளை விரித்து
கொரின் கையெழுத்திட்டாள்.
கண்ணாடியை இறக்கியபோது கேட்டது:
"மதகுச் சேற்றை என்ன செய்யப் போகிறாய்?
வேண்டாமென்றால் எனக்குக் கொடு."
"அது என்னுடையது," என்றார் டேரல்.
அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் வெயிலில்
டிராக்டர் தொட்டியில் அள்ளி அள்ளி
பதினொரு நடை
அந்தச் சேற்றை மேட்டுக்கே ஏற்றினார்.
எங்கள் திட்டத்தில் அது கிடையாது.
அதற்கு மானியமும் கிடையாது.

புல் முளைத்தது, சொட்டையாக.
ஓரிடத்தில் பனி உருகி அரித்துப்போக,
மறுபடி விதைத்தோம்.
ஓடையின் கரையில் கொரின் நட்ட
வில்லோ போத்துகளில்
பாதியை மான் தின்றது.
மீதியில் துளிர் வந்திருக்கிறது, நம்ப முடியாத மஞ்சளில்.

இந்த மே மாதமும் மழை பெய்தது.
மதகில் தண்ணீர் பளிங்காய் ஓடியது
என்று எழுத ஆசை.
இல்லை. தேநீர் நிறம்.
ஆண்டறிக்கையில் 'பலன்' என்றொரு கட்டம்;
பெருவிரல் அகலம்கூட இராது.
அதில் அப்படியே எழுதினேன்:
போன ஆண்டு சாக்லேட்.
இந்த ஆண்டு தேநீர்.