மாவுத் தராசு

வெள்ளி மாலை. கென்ட் நகரில் மழை.
ரொட்டிக்கு மாவு நிறுக்கும் தராசில்
மார்லேன் தன் பெரிய கேமராவை வைக்கிறாள்.
எழுநூற்றுப் பத்து கிராம்.
"லென்ஸ் இல்லாமல்," என்கிறாள்,
கேமராவுக்கு ஜாமீன் கேட்பவள் போல.

நீள லென்ஸ் எண்ணூற்று நாற்பது.
அகல லென்ஸ் முந்நூற்றுத் தொண்ணூறு.
கூட்டினால் இரண்டு கிலோவுக்கு அறுபது குறைவு.
அந்த அறுபதை
ஒரு தள்ளுபடி போல அறிவிக்கிறாள்.
நான் வாய் திறக்கவில்லை.
முடிவு அவளுடையது,
தோள் என்னுடையது.

போவது மூன்றே நாள்.
ரயிலில் ஒரு மணி நேரம், அப்புறம் கடலோர டிராம்.
எனக்கு இரண்டு சட்டை, ஒரு பல்துலக்கி,
சர்க்கரை மாத்திரை போதும்.
அவளுக்குக் கடலின் அந்தக் கரையும் வேண்டும்,
இந்தக் கரையின் சிப்பியும் வேண்டும்.

போன மே மாதம் இதே கடற்கரை.
காற்றுக்கு முதுகைக் காட்டி
என் கோட்டைக் கூடாரமாய்ப் பிடிக்கச் சொல்லி
லென்ஸ் மாற்றினாள்.
அதற்குள் மணல் புகுந்துவிட்டது.
அன்றிலிருந்து வளையத்தைத் திருப்பினால்
நறநற.
பழுது பார்க்கும் டிர்க் சொன்ன கூலிக்கு
கடல் பார்த்த அறையில் இரண்டு இரவு தங்கலாம்.

"கைபேசி போதாதா?" என்று மகன் கேட்டான்.
வெயிலில் அதன் திரை கறுத்துவிடும்,
ஈர விரலை அதற்கு அடையாளம் தெரியாது,
அதைவிட, என் அலுவலகம் அதற்குள்தான் குடியிருக்கிறது
என்றாள்.

கடைசியாக அலமாரியிலிருந்து
அந்தச் சின்னது வந்தது.
ஆல்ஸ்ட் ஊர் தபால்காரர் ஒருவரிடம் வாங்கியது.
மூலையில் ஒரு நசுங்கல்.
ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு
"இனி நான் கடலுக்குப் போவதில்லை" என்றாராம்.
மேலே கேட்க இவளுக்கு வாய் வரவில்லை.

இருநூற்றுத் தொண்ணூறு.
கழற்ற முடியாத ஒற்றை லென்ஸ்.
கிட்டத்தில் பார்க்க வேண்டுமா,
காலால் நட.
கோட்டுப் பையில் அது போய் உட்கார்ந்ததும்
என் தோள் ஒரு விரல் உயர்ந்ததாக
எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை, நீர் வடிந்த நேரம்.
ஊஸ்ட்டாவுன்கெர்க்க கரையில்
மஞ்சள் எண்ணெய்த்துணி அங்கி அணிந்தவர்கள்
கனத்த குதிரைகளின் மேல்
மார்பளவு நீரில் இறால் வலை இழுக்கிறார்கள்.
சின்னக் கேமராவின் திரையில்
குதிரை ஒரு மிளகு.
இன்னொரு தடவை எடுத்தாள். மிளகுதான்.
நீள லென்ஸ் வீட்டில் இழுப்பறைக்குள் தூங்குகிறது.
அவள் என்னைப் பார்த்த பார்வையில்
அதைக் கொண்டுவராத குற்றம்
எப்படியோ என் பேருக்கு மாறியிருந்தது.

பிறகு நடந்தாள்.
காலணியைக் கழற்றவில்லை.
கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால்.
ஐம்பத்தாறு வயது,
பல் மருத்துவமனையில் கணக்கு எழுதுகிறவள்,
ஏப்ரல் மாதத்து வடகடலுக்குள்.
குதிரைக்காரர் ஏதோ கத்தினார்.
இவள் கையாட்டினாள்.
குதிரை நின்று அவளை முகர்ந்தது.

படத்தைக் காட்டினாள்:
ஈர மூக்கு, கொஞ்சம் கூடை,
ஓரத்தில் அவள் கட்டைவிரல்,
மற்றபடி வானம்.
நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
டிராமில் அவள் வெறுங்காலோடு வந்தாள்.
காலணிகளின் முடிச்சு என் தோளில் தொங்க
என் முதுகு வழியாய்க் கடல் சொட்டியது.

ஞாயிறு இரவு, வீட்டுக்குள் வந்ததும்
அந்த ஜோடியைத் தராசில் வைத்தேன்.
ஆயிரத்து நூற்றி எண்பது.
அவள் சிரித்த சிரிப்பில்
மேல்வீட்டு ஃபெர்னான்ட் தரையைத் தட்டினார்.

திங்கள் காலை ரொட்டியில்
நறநற.
வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு என்றாள்.
தள்ளினேன்.