ஒன்பதாவது இயந்திரம்

சஸ்கட்டூன், இருபதாம் தெரு, சலவை நிலையம்.
வெளியே மைனஸ் முப்பத்தாறு.
ஒரே சிமெண்ட் மேடையில் பன்னிரண்டு இயந்திரங்கள்.
ஒன்பதாவது மட்டும் குதிக்கிறது,
யாரோ கனத்த மெத்தை விரிப்பொன்றை
அதன் வாயில் திணித்துப் போயிருக்கிறார்கள்.
எட்டின் தலையில் வைத்த என் காபியில்
ஒரு வளையம்கூட எழவில்லை.

இதைத்தான் மூன்று வாரமாக
என் நிரலின் பிழை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இருநூற்று ஐம்பத்தாறு மணிகள்,
இடையிடையே வில்சுருள்கள்.
நடுவில் ஒன்றை மட்டும் இழுத்து விட்டேன்.
பரவ வேண்டும்.
சூடு பரவும், வதந்தி பரவும், சளி பரவும்,
இதுவும் பரவிக் கரைந்து
எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்றாகிவிட வேண்டும்.
ஆகவில்லை.
'நேரப்படியைப் பாதியாக்கு' என்றாள் ரூத் ஃப்ரீசன்.
பாதியாக்கினேன். அதிலும் பாதி.
விடிய விடிய
நூற்று இருபத்தெட்டாவது மணி
தன்னந்தனியாக ஆடிக்கொண்டே இருந்தது.

ரகசியம் பெரிதில்லை:
வீச்சு கூடக் கூட அதன் சுருதி இறங்குகிறது,
அண்டை வீட்டுக் காதுக்கு எட்டாத
ஆழத்துக்கு.
கதவைத் தட்டுகிறது,
அவர்களுக்கு அது தட்டலாகவே கேட்பதில்லை.
பூட்டு இல்லாத சிறை. அல்லது
வாடகை இல்லாத தனி அறை.
எது என்று சமன்பாடு சொல்லவில்லை.

டிஎன்ஏவிலும் இப்படித்தான் என்கிறார்கள்,
ஏயும் டியும் இரண்டே கொக்கியில்
கைகோத்து நிற்கும் மெலிந்த இடங்களில்.
உடம்புச் சூட்டின் உலுக்கலில்
நாலைந்து படிகள் சட்டெனத் திறந்து,
சட்டைப் பித்தான் தெறித்தாற்போல்,
உடனே மூடிக்கொள்ளும்.
அந்த இடைவெளியில் ஒரு நொதி எட்டிப்பார்க்கலாம்.
பார்க்காமலும் போகலாம்.
இந்த நிமிடம் என்னுள் எத்தனை கோடி திறப்புகள்!
நானோ சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இயந்திரம் நின்றது.
பனிக்காலணியோடு வந்தவர் ஓரெஸ்ட்,
சட்டைப் பையில் பெயர் தைத்திருந்தது.
'ரொம்பச் சத்தமோ?' என்றார்.
'எனக்கு மட்டும்தான் கேட்டது' என்றேன்.
புரியாமல் சிரித்தார்.
விரிப்பை முறுக்கிப் பார்த்தார், நீர் சொட்டியது.
இன்னொரு சுற்றுக்குக் காசு போட்டார்.

எட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன்.
குளிர்ந்த தகரம்.
பக்கத்தில்,
மெல்லத் தொடங்கியது.