பத்தெழுத்துச் சொல்

விலைச்சீட்டைப் புத்தகத்தில் ஒட்டாதே.
உறையில் ஒட்டு, வலது மேல் மூலையில்.
டேப்பின் நுனியை நகத்தளவு மடித்து விடு.
இல்லாவிட்டால் வாங்குகிறவர் உருவும்போது
பசை அட்டையைக் கவ்வும்,
பூதத்தின் முகத்தில் பாதி அதோடு போகும்,
நாற்பது டாலர் நான்காகும்.

ஃபோர்ட் வெயினில் பிப்ரவரி.
முன்னாள் படைவீரர் மன்றத்தின் கூடம்.
சுவரில் பிங்கோ பலகை; நேற்றிரவின் கடைசி எண்
இன்னும் அணையாமல் எரிகிறது.
தரையெல்லாம் பூட்ஸ் கொண்டுவந்த சாலை உப்பு.
காலை ஒன்பதுக்குக் கதவு திறக்கும்.
மடக்கு மேசையில் என் பதினொரு பெட்டிகள்:
காதல் கதைகள், பேசும் வாத்துகள்,
எப்போதோ திவாலான பதிப்பகங்களின்
கண்ணீர் மல்கும் நர்சுகள்.

குறையை நான் மறைப்பதில்லை.
'ஸ்டேப்பிள் துரு.'
'முதுகில் ஆறு கீறல்.'
'கூப்பன் வெட்டப்பட்டது.'
(அறுபத்தொன்றில் எங்கோ ஒரு பையனுக்கு
எக்ஸ்ரே கண்ணாடி தபாலில் வந்திருக்கும்,
போட்டுப் பார்த்து ஒன்றும் தெரிந்திருக்காது.)
'அட்டையில் பேனாவால் பெயர்: வென்டல்.'
வென்டலுக்காகப் பாதி விலை குறைத்திருக்கிறேன்.

வாங்கின விலை மட்டும் ரகசியம்.
உள்ளட்டையின் பின்னால், பென்சிலில், எழுத்தாக.
டெல்மரும் நானும் எழுபத்தெட்டில்
ஒரு மோட்டல் அறையில் உட்கார்ந்து பொறுக்கிய சொல்.
பத்து எழுத்து. எதுவும் இரண்டு முறை வராது.
முதலெழுத்து ஒன்று, கடைசியெழுத்து சைபர்.
பேரம் பேசுகிறவர் எதிரிலேயே
எவ்வளவு இறங்கலாம் என்று
உதடு அசையாமல் பேசிக்கொள்வோம்.
என்ன சொல் என்று கேட்காதீர்கள்.
வக்கீல்கள் வீட்டைப் பிரித்தார்கள், வேனை விற்றார்கள்,
முகமூடிக்காரர்கள் அவனுக்கு, முத்தங்கள் எனக்கு.
அந்தச் சொல்லை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை.

பக்கத்து மேசை டோபினுக்கு இதுதான் முதல் கண்காட்சி.
வாடகை நின்றுபோன கிடங்கறை ஒன்றை
ஏலத்தில் எடுத்தானாம்:
நான்கு பெட்டி காமிக்ஸ், ஒரு தூண்டில், ஓடாத டிரெட்மில்.
"விலை போடத் தெரியவில்லை, அர்டித்.
கொஞ்சம் பாருங்களேன்."

முதல் புத்தகத்தைத் திருப்பினேன்.
அந்தப் பென்சில். அந்தச் சாய்வு.
தேதி, நாங்கள் பிரிந்து ஆறு வருஷம் கழித்து.
இன்னொன்றில் ஒன்பது.
புதுச் சொல் ஒன்று யோசித்திருக்கலாம்.
அகராதி முழுக்கக் கிடக்கிறதே.

மூன்றாவது பெட்டியில்
முகமூடிகளுக்கு நடுவே ஒரு நர்ஸ்.
சீட்டில் என் கையெழுத்து:
'பின்னட்டையில் காபி வட்டம். 26.'
பல்லில் கம்பி போட்ட ஒரு பெண்.
பேரமே பேசவில்லை. சில்லறை கேட்கவில்லை.
கையில் மடித்து வைத்திருந்தது சரியாக இருபத்தாறு.
அன்று அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

திருப்பினேன். நான் வாங்கின விலை, ஓர் எழுத்து.
அதற்குக் கீழே, அவன் வாங்கியது, இரண்டு.

"யூ, ஆர்," என்று எட்டிப் பார்த்து வாசித்தான் டோபின்.
"யூ ஆர்... என்ன? மீதியைக் காணோமே."
பழைய அலமாரி எண்ணாக இருக்கும் என்றேன்.
வாடகை ஏன் நின்றது என்று
இவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது.

மற்ற எல்லாவற்றுக்கும் விலை சொன்னேன்,
கிழிசலைக் கிழிசல் என்றே எழுத வைத்தேன்.
"இது?"
"சந்தையில் நாற்பது போகும்.
நான் இருபத்தாறு தருவேன்."
"முப்பது?"
"இருபத்தாறு."
தோளைக் குலுக்கிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டான்.

காவலர் பாதி விளக்கை அணைத்த பிறகு
அந்த இரண்டு எழுத்துக்குக் கீழே
அதே இரண்டை எழுதினேன், இன்றைய தேதி போட்டு.
முன்பக்கம் சீட்டு ஒட்டவில்லை.
உறையை மூடி,
டேப்பின் நுனியை நகத்தளவு மடித்து விட்டேன்.